தாவர சாஸ்திரி ராக்ஸ்பர்க்கும் சிப்பூர்த் தோட்டமும்

தாவரத் தோட்டம் என்றால், ஓய்வுள்ளவர்கள் மாலைப் பொழுதில் உலாவி வருவதற்கு ஏற்பட்ட இடம் என்றே நம்மவர்களில் பெரும்பாலோர் எண்ணியிருக்கின்றனர். பெயர் தெரியாத அயல்நாட்டுச் செடிகளையும், அகன்ற இலைகளையுடைய அல்லிகளையும், அபூர்வமான பனை வகைகளையும் வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பினால், தோட்டத்தின் பயன் அவ்வளவோடு தீர்ந்தது என்று கருதுகிறோம். கல்கத்தாவுக்கு எதிரே ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், சிப்பூரில் உள்ள பழைய தோட்டத்தின் சரித்திரத்தை அறிந்தவர்கள் இவ்வாறு நினைக்கமாட்டார்கள். அத்தோட்டம் பஞ்சத்தின் நினைவிலே பிறந்தது. பஞ்சத்தைக் கண்ணாரக் கண்ட ஒரு வைத்தியரால் வளர்க்கப்பட்டது. அந்த வைத்தியரே டாக்டர் வில்லியம் ராக்ஸ்பர்க். இந்தியத் தாவர சாஸ்திரத்தின் தந்தை என்று அறிஞர் அவரை அழைப்பது வழக்கம்.

அவருடைய வாழ்க்கையை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது இரண்டு காரணங்களால் அவசியமென்று கருதுகிறோம். அந்நியக் கம்பெனியார் நமது தேசத்தில் இருந்த செல்வங்களை எவ்வாறு கணக்கெடுத்தார்கள், அக்கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்பதை அவ்வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது என்பது முதற் காரணம். கணக்கெடுத்த செல்வங்களில் எவை நம்மிடம் எஞ்சியிருக்கின்றன, எஞ்சியவற்றைக் காப்பதற்கு நாம் செய்யவேண்டியது யாது என்ற கேள்வியையும் அது எழுப்புகிறது என்பது இரண்டாவது காரணம்.

ராக்ஸ்பர்க் 1751-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்தில், அயர்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த கிரெய்கி என்னும் ஊர்ப்புறத்தில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். அக்காலத்தில் வைத்தியம் கற்பவர்கள் மூலிகைகளை அறியவேண்டியிருந்தமையால், தாவர சாஸ்திரமும் அவர்களுக்குப் பாடமாக இருந்தது. அங்கே அப்பாடத்தைப் போதித்தவர் ஜான் ஹோப் என்னும் ஆசிரியர். செடியைப் புத்தகத்தில் மட்டும் பாராமல் மண்ணிலும் பார்க்கவேண்டும் என்ற பழக்கம் ராக்ஸ்பர்க்குக்கு அவரிடத்திலேயே ஏற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சில காலம் வைத்திய உதவியாளராக வேலை பார்த்தபின், 1776-ஆம் வருஷத்தில் சென்னையை அடைந்து, கம்பெனியின் வைத்திய உத்தியோகத்தில் அமர்ந்தார்.

சென்னைக் கோட்டையில் இருக்கும்போதே அவர் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. வெப்பத்தையும், காற்றின் திசையையும், மழையின் அளவையும் நாள்தோறும் கவனித்துக் குறித்து வந்தார். அக்குறிப்புகள் லண்டன் ராயல் சங்கத்தாரின் வெளியீட்டில் 1778-ஆம் வருஷத்தில் அச்சாயின. பிணியாளரைப் பார்க்கும் உத்தியோகஸ்தருக்கு மழைக்கணக்கு எதற்கு என்று பிறர் நினைத்திருக்கக் கூடும். ஆனால் பிற்காலத்தில் அவர் பஞ்சத்தைப் பற்றிச் சிந்தித்தபோது அக்கணக்குப் பழக்கமே அவருக்குத் துணைசெய்தது.

அந்நாளில் தென்னாட்டுச் செடிகளை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் தரங்கம்பாடியில் இருந்த கோனிக் என்பவர். ஐரோப்பியத் தாவர சாஸ்திரத்துக்குப் புதிய பெயரிடு முறையை வகுத்த லின்னேயஸின் மாணாக்கர் அவர். 1768-ஆம் வருஷத்தில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு ஆர்க்காட்டு நவாபிடத்திலும், அதன்பின் கம்பெனியாரிடத்திலும் வேலைசெய்தவர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கோனிக்கும், ராட்லர் முதலிய மிஷனரிமாரும் தொடங்கிய ஆராய்ச்சியே ராக்ஸ்பர்க்குக்கு வழிகாட்டியாயிற்று. இந்த ராட்லர்தான் பின்னர்த் தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தவர் என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். கோனிக் 1785-இல் காக்கிநாடாவுக்கு அருகில் நோயுற்று உயிர் நீத்தபோது அவருக்குச் சிகிச்சை செய்தவர் ராக்ஸ்பர்க்கே.

1781-ஆம் வருஷத்தில் ராக்ஸ்பர்க் வட சர்க்கார்ப் பகுதியில், கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த சாமல்கோட்டைக்கு மாற்றப்பட்டார். பட்டாளத்து வைத்தியராக அங்கே சென்ற அவர், கம்பெனிக்குச் சொந்தமான நிலத்தில் தோட்டம் ஒன்றை அமைத்தார். மிளகு, காப்பி, அவுரி, கரும்பு, பட்டுப்பூச்சிக்குரிய முசுக்கட்டை, சாயத்துக்குரிய சப்பங்கி ஆகியவற்றை அங்கே பயிர்செய்து பார்த்தார். இப்பரீட்சைகளுக்குக் கம்பெனியார் பணம் கொடுத்த காரணத்தை நாம் மறக்கலாகாது. மிளகையும் சாயத்தையும் ஐரோப்பியச் சந்தையில் விற்று லாபமடைவதே அவர்களுடைய நோக்கம். ராக்ஸ்பர்க்கும் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தராகவே இருந்தார். கம்பெனியின் லாபத்தைத் தம் கடிதங்களில் அவர் மறந்தவரல்லர்.

ஆயினும் அவருடைய முறையில் ஒரு விசேஷமுண்டு. ராஜமகேந்திரத்துக் குடியானவர்கள் கரும்பு நடும் விதத்தையும், சாறு காய்ச்சி வெல்லமும் சர்க்கரையும் எடுக்கும் விதத்தையும் அவர் அருகிலிருந்து பார்த்து, விரிவாக எழுதிவைத்தார். அரக்குப் பூச்சியைப் பற்றியும் அவ்வாறே எழுதினார். அயலார் நமது குடியானவர்களுக்கு ஒன்றுந் தெரியாதென்று கூறுவது சாதாரணமாயிருந்த காலத்தில், அவர்களிடமிருந்து கற்கவேண்டியது உண்டு என்று கருதி நடந்துகொண்டவர் ராக்ஸ்பர்க்.

1787-ஆம் வருஷம் மே மாதத்தில் கோரங்கிக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. சுமார் இருபதினாயிரம் ஜனங்கள் மாண்டதாக அக்காலத்தவர் கணக்கிட்டிருக்கிறார்கள். ராக்ஸ்பர்க் பல வருஷங்களாகச் சேர்த்துவைத்திருந்த புத்தகங்களும், குறிப்புகளும், உலர்த்திய செடிகளும் அவ்வெள்ளத்தில் அழிந்தன. வேறொருவராயின் அத்தோடு முயற்சியைக் கைவிட்டிருப்பார். அவரோ மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

புயல் போனபின் வந்தது பஞ்சம். 1789-ஆம் வருஷம் முதல் வட சர்க்கார்ப் பகுதியில் மழை தொடர்ந்து பொய்த்தது. 1792-க்குள் கிராமங்கள் பாழாயின. குடியானவர்கள் வழியிலேயே விழுந்து மாண்டார்கள். ராக்ஸ்பர்க் இவற்றைத் தம் கண்ணால் கண்டார். மழைக்கணக்கை வைத்திருந்தவராதலால், இத்தகைய வறட்சி முன்னும் வந்ததுண்டா என்று விசாரித்தார். பித்தாபுரம் ராஜாவின் சமஸ்தானத்துப் பிராமணர்களிடமிருந்த பழைய குறிப்புகளிலிருந்து, சுமார் நூறு வருஷங்களுக்கு முன்னரும் இவ்வாறே பல வருஷம் தொடர்ந்து வானம் பொய்த்துப் பெரும் நாசம் விளைந்ததென்று அறிந்தார். வறட்சி திடீரென்று நேரும் விபத்தன்று. காலந்தோறும் திரும்பி வரக்கூடியது. ஆகவே அதற்கு முன்கூட்டியே தயாராயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1789 முதல் 1793 வரை உலகின் பல பாகங்களிலும் ஒரே காலத்தில் வறட்சி நிலவியதென்பதையும், பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மாறுதலோடு அதற்குத் தொடர்பு உண்டென்பதையும் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்களுக்கு ஆதாரமாயிருந்தவற்றில் ராக்ஸ்பர்க்கின் குறிப்புகளும் சேர்ந்தவை.

நெல்லும் சோளமும் ஒரு மழை தவறினால் போய்விடும். ஆழ வேரோடிய மரம் அவ்வளவு எளிதில் போகாது. இதனை மனத்திற் கொண்டு, வாய்க்கால் கரைகளிலும், வீட்டுக் கொல்லைகளிலும், தரிசு நிலங்களிலும் தென்னை, பனை, பேரீந்து, வாழை, பலா, ஈரப்பலா, சவ்வரிசி தரும் மரம் ஆகியவற்றை நடச்செய்ய வேண்டுமென்று அவர் சென்னைச் சர்க்காருக்கு யோசனை கூறினார். பனையின் அருமையை நம்மவர்களுக்கு ஒருவர் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் வரி வசூலிப்பதைத் தவிர வேறெதையும் கருதாத கம்பெனி ஆட்சியில், ஜனங்களுடைய சோற்றைப் பற்றி ஓர் உத்தியோகஸ்தர் இவ்விதம் எழுதியது அபூர்வமேயாகும். பஞ்சத்துக்குக் காரணம் மழைக்குறைவு மட்டுமன்று, தானியத்தைக் கொண்டுசெல்லும் வியாபாரமும் தளர்வில்லாத வரிமுறையும் அதற்குத் துணைபோயின என்பதை அவருடைய யோசனை தொடவில்லை என்பதையும் நாம் சொல்லவேண்டும். மரம் நடுவதனால் மாத்திரம் பஞ்சம் ஒழியாது. எனினும் மரம் நட்ட ஊரில் பஞ்சத்தின் கொடுமை குறையும்.

இக்காலத்திலேயே அவருடைய பெரிய நூலுக்கும் அடிப்படை ஏற்பட்டது. 1789-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியின் தாவர ஆராய்ச்சியாளராக நியமனம் பெற்ற அவர், நம் நாட்டு ஓவியர்களை வேலைக்கு அமர்த்தி, செடிகளை இலை, பூ, காய், விதை என்று பகுதி பகுதியாக வரையச் செய்தார். சுமார் 500 படங்கள் லண்டனுக்குச் சென்றன. அவற்றில் 300 படங்களை ஜோசப் பேங்க்ஸ் என்னும் அறிஞர் தேர்ந்தெடுக்க, சோழமண்டலக் கடற்கரைச் செடிகள் என்று பொருள்படும் தலைப்போடு மூன்று பெரிய சம்புடங்கள் 1795 முதல் 1820 வரை வெளியாயின. வேங்கை, குங்கிலியம், பலாசு, ஆச்சா முதலிய நம் மலைக்காட்டு மரங்களை உலகத்து அறிஞர்கள் நன்கு அறிந்தது இந்நூலின் மூலமே.

அந்நூலில் காணப்படும் விசித்திரமான செடிகளில் இரண்டைச் சொல்வோம். வறண்ட பாறைச் சரிவுகளில் இலையின்றி, நாற்கோணத் தண்டாக முளைப்பது கள்ளிமுளையான். மாடு மேய்ப்போரும் ஏழைகளும் அதன் தண்டை ஒடித்துப் பச்சையாகவே தின்பதை ராக்ஸ்பர்க் கண்டு எழுதினார். தெலுங்கில் அதற்கு வழங்கிய பெயரையும் குறித்துவைத்தார். அத்தெலுங்குப் பெயரே பின்னர் அச்செடியினத்தின் சாஸ்திரப் பெயராயிற்று. மற்றொன்று நம் வீடுகளில் நாள்தோறும் சமைக்கும் சேனைக்கிழங்கு. மண்ணுக்குள் பெருத்துக் கிடக்கும் அக்கிழங்கு, இலை தோன்றுமுன் தரையோடு தரையாக ஊதாநிறப் பெரும்பூவை விரித்து, அழுகிய மாமிசத்தின் நாற்றத்தை வீசி ஈக்களை அழைக்கும் என்பதை அறிந்தவர் சிலரே. அதனையும் அவர் படத்தோடு விவரித்தார். சந்தையில் கூறுகட்டி விற்கும் பண்டத்தில் ஆராய்ச்சிக்குரிய அற்புதம் இருக்கிறதென்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனிச் சிப்பூருக்கு வருவோம். 1770-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் வங்காளத்தில் மாண்டவர்கள் ஒரு கோடி வரை இருக்கலாமென்று மதிப்பிட்டவர்கள் உண்டு. அதன் நினைவு மறையாதிருந்த 1786-ஆம் வருஷத்தில், ராபர்ட் கிட் என்னும் ராணுவ அதிகாரி, மலாய் நாட்டுச் சவ்வரிசி மரத்தையும் பாரசீகத்துப் பேரீந்தையும் கொண்டுவந்து பயிராக்குவதற்கு ஒரு தோட்டம் வேண்டுமென்று கம்பெனிக்கு விண்ணப்பம் செய்தார். கப்பல் கட்டத் தேக்கும், வியாபாரத்துக்கு வாசனைப் பொருள்களும் அங்கே வளர்க்கலாமென்ற எண்ணம் கம்பெனியாரைக் கவர்ந்தது. 1787-இல் தோட்டம் ஏற்பட்டது. கிட் 1793-இல் காலமானார். அவருடைய ஸ்தானத்துக்கு அவ்வருஷமே சாமல்கோட்டையிலிருந்து ராக்ஸ்பர்க் வரவழைக்கப்பட்டார்.

அடுத்த இருபது வருஷங்களில் அவர் அத்தோட்டத்துக்குச் செய்த உபகாரம் கொஞ்சமன்று. அவர் பொறுப்பேற்றபோது அங்கேயிருந்த தாவர வகைகள் சுமார் 300. அவர் விட்டுச் சென்றபோது சுமார் 3,500. இவற்றில் ஏறக்குறைய 1,500 வகைகளுக்குப் பெயரிட்டு இலக்கணம் எழுதியவர் அவரே. 1814-ஆம் வருஷத்தில் ஸ்ரீராம்பூர் அச்சுக்கூடத்தில் பாதிரியார் வில்லியம் கேரி பதிப்பித்த தோட்டத்துப் பட்டியல் இக்கணக்கைத் தருகிறது. நதிக்கரையில் 1795-இல் ஒரு வீட்டைக் கட்டி, அதிலேயே தங்கி, தோட்டத்தை விட்டகலாமல் அவர் உழைத்தார். மலாக்கா, மலுக்கா, பினாங்கு, மொரீஷியஸ், மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் நாற்றுகளைக் கொண்டுவந்தன. இங்கிருந்தும் நாற்றுகள் அவ்விடங்களுக்குச் சென்றன. ஜமேக்காவிலிருந்து வந்த மகாகனி மரம் 1795-இல் முதன்முதலாக இந்திய மண்ணில் நடப்பட்டது அத்தோட்டத்திலேயே.

சணலின் கதையும் இங்கேதான் தொடங்குகிறது. வங்காளக் குடியானவர்கள் தொன்றுதொட்டுக் கயிற்றுக்கும் சாக்குக்கும் பயன்படுத்தி வந்த சணல் நாரை ராக்ஸ்பர்க் பரிசோதித்து, 1790-களில் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். பின்னர் ஸ்காட்லாந்தில் உள்ள டண்டி நகரத்து ஆலைகள் அந்நாரினால் செழித்தன. பயிரிட்ட குடியானவனோ மூலப்பொருளை விற்பவனாகவே நின்றான். தோட்டத்தில் நடக்கும் ஆராய்ச்சி நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு விடை அந்த ஆராய்ச்சியில் மட்டும் இல்லை. அதன் பலனை அனுபவிப்பவர் யார் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

அவர் ஆராய்ந்தவற்றில் மிகவும் சுவாரஸ்யமானது ரப்பர் ஆலின் வரலாறு. 1810-ஆம் வருஷத்தில் சில்ஹெட்டிலிருந்து தேன் நிரம்பிய ஒரு கூடை அவரிடம் வந்தது. பிரம்பினால் பின்னிய கூடையில் தேன் ஒழுகாமல் நிற்பது எப்படி? கூடையின் உட்புறத்தில் ஒரு மரத்தின் பாலைப் பூசி மலைவாசிகள் அதை நீர் புகாத பாத்திரமாக்கியிருந்தனர். ராக்ஸ்பர்க்குக்குத் தேனைவிடக் கூடையே பெரிதாகப் பட்டது. அம்மரத்தின் கன்றை வரவழைத்து ஆராய்ந்து, ஆலினத்தைச் சேர்ந்ததென்று கண்டு, நீளும் தன்மையைக் குறிக்கும் பெயரை அதற்கு இட்டார். அம்மரத்தின் விழுதுகளையே காசி, ஜைந்தியா மலைவாசிகள் ஓடைகளின் குறுக்கே வளரவிட்டு, உயிருள்ள பாலங்களாக ஆக்கியிருக்கிறார்கள். கூடையைப் பூசியவர்களும் பாலத்தை வளர்த்தவர்களும் படித்துப் பட்டம் பெற்றவர்களல்லர். அவர்களுடைய அறிவே தோட்டத்து அறிவுக்கு மூலமாயிருந்தது.

பெயரிடும் விஷயத்தில் ராக்ஸ்பர்க் நடந்துகொண்ட முறையும் கவனிக்கத்தக்கது. தம் நாட்டுப் பிரபுக்களின் பெயரையும் நண்பர்களின் பெயரையும் நம் மரங்களுக்குச் சூட்டும் வழக்கம் அவரிடமும் இருந்தது. நம் புலவர் போற்றிய பலாச மரம் ப்யூட் பிரபுவின் பெயரைத் தாங்கியது. ஆயிமா மரம் கேரியின் பெயரைப் பெற்றது. ஆனால் நாட்டுப் பெயர்களையும் அவர் விட்டுவிடவில்லை. சீதாபிராட்டியார் சிறையிருந்த வனத்தின் பெயராகிய அசோகத்தை அம்மரத்தின் சாஸ்திரப் பெயரிலேயே நிலைநிறுத்தினார். மருத மரத்துக்கு அர்ஜுனம் என்ற பெயரைத் தந்தார். சீசம் மரத்தின் பெயரையும் அவ்வாறே கொண்டார். ஒதிய மரத்துக்கு அவர் இட்ட சாஸ்திரப் பெயரில் தமிழ்ச் சொல்லே இருந்தது. அவருடைய நூலாகிய இந்தியத் தாவரத் தொகுதியைத் திறந்தால், சமஸ்கிருதம், வங்காளம், தெலுங்கு, தமிழ் ஆகிய மொழிகளில் வழங்கிய பெயர்கள் செடிதோறும் காணப்படுகின்றன.

படம் வரைந்த ஓவியர்களுக்கோ இந்த நியாயம் கிடைக்கவில்லை. சாமல்கோட்டையிலும் சிப்பூரிலும் அவருக்காக வரையப்பட்ட படங்கள் 2,500-க்கும் மேற்பட்டவை. ஒரு பிரதி கல்கத்தாவிலும், மற்றொரு பிரதி லண்டனுக்கு அருகில் உள்ள கியூ தோட்டத்திலும் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு மகரந்தத் தாளைக்கூடத் தவறாமல் எண்ணி வரைந்த கைகள் நம்மவர்களுடைய கைகள். அச்சான சம்புடங்களில் ராக்ஸ்பர்க்கின் பெயரும் பேங்க்ஸின் பெயரும் விளங்குகின்றன. ஓவியர்களின் பெயர் விளங்கவில்லை. மண் சுமந்து, நாற்றைக் காத்த தோட்டக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதேயில்லை. இது ஒரு மனிதருடைய குற்றமென்று கூறுவதைவிட, ஆள்வோர் ஆளப்படுவோரை நோக்கும் பார்வையின் குற்றமென்று கூறுவதே பொருந்தும்.

வங்காளத்து வெப்பமும் இடைவிடாத உழைப்பும் ராக்ஸ்பர்க்கின் சரீரத்தைத் தளர்த்தின. 1813-ஆம் வருஷத்தில் அவர் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார். வழியில் செயின்ட் ஹெலினாத் தீவில் தங்கினார். நெப்போலியன் சிறைவைக்கப்பட்டதனால் பின்னர்ப் புகழடைந்த தீவு அது. நோயுற்றிருந்த நிலையிலும் அவருடைய கை சும்மாயிருக்கவில்லை. அத்தீவின் செடிகொடிகளைத் தேடிக் கண்டு பட்டியல் எழுதினார். உலகில் வேறெங்குமில்லாத மரங்கள் பல அங்கே இருந்தன. போர்த்துக்கேசியர் காலத்தில் விடப்பட்ட ஆடுகள் இளங்கன்றுகளைத் தின்றதனாலும், விறகுக்காக வெட்டியதனாலும் அம்மரங்கள் அப்போதே அருகியிருந்தன. ராக்ஸ்பர்க் தாயகம் சேர்ந்து, 1815-ஆம் வருஷத்தில் எடின்பரோவில் காலமானார். அவர் எழுதிய தீவுப் பட்டியல் மறுவருஷம் அச்சாயிற்று. இந்தியத் தாவரத் தொகுதியின் முழு நூல், கேரியின் உதவியால் 1832-ஆம் வருஷத்தில்தான் மூன்று பாகங்களாக வெளிவந்தது.

அந்தத் தீவுப் பட்டியலில் ராக்ஸ்பர்க் பெயரிட்ட சிறுமரம் ஒன்று உண்டு. செயின்ட் ஹெலினா ஒலிவம் என்று அதனை வழங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது சில மரங்களாகச் சுருங்கிற்று. பிறகு அடியோடு அழிந்துவிட்டதென்றே நினைத்தார்கள். 1977-இல் ஒரே ஒரு மரம் ஒரு மலைச்சரிவில் காணப்பட்டது. 1994-இல் அதுவும் பட்டுப்போயிற்று. அதிலிருந்து எடுத்து வளர்த்த கன்றுகளில் கடைசியானது 2003-ஆம் வருஷத்தில் நோயினால் மடிந்தது. ஒரே மரத்தின் வழிவந்த கன்றுகளாதலால் தம்முள் மகரந்தம் கலந்து நல்ல விதை ஈனும் சக்தி மிகவும் குறைந்திருந்தது. ராக்ஸ்பர்க் பெயர் கொடுத்து இருநூறு வருஷம் முடிவதற்குள், பெயர் மட்டும் நின்றது. மரம் உலகத்தை விட்டு நீங்கிற்று.

அதே தீவில் கருங்காலி போன்ற வேறொரு மரமும் அழிந்ததென்றே எண்ணப்பட்டிருந்தது. 1980-இல் செங்குத்தான பாறையில் இரண்டு சிறு செடிகள் காணப்பட்டன. அவற்றிலிருந்து போத்து ஒடித்து நட்டு ஆயிரக்கணக்கான கன்றுகளை உண்டாக்கிவிட்டார்கள். ஒன்று போயிற்று, மற்றொன்று பிழைத்தது. போத்து உயிர்பிடித்துக் கன்று பெருகியதே ஒன்றைப் பிழைக்கவைத்தது. செடி நூற்றுக்கணக்கில் இருக்கும்போது அதைக் காப்பது எளிது. ஒன்றிரண்டாகக் குறைந்தபின் தெய்வச் செயலையே நம்பவேண்டியதாகும். தாவரத் தோட்டத்தின் உண்மையான கடமை இதுவே. அபூர்வத்தைக் காட்டுவது மட்டுமன்று, அபூர்வமானதைப் பெருக்கி மறுபடியும் காட்டுக்குத் திருப்பித் தருவதும் அதன் வேலையாகும்.

சிப்பூர்த் தோட்டத்தின் பிற்கால வரலாறு மேடுபள்ளம் நிறைந்தது. ராக்ஸ்பர்க்குக்குப்பின் வந்த வாலிக் என்பவர், 1828-ஆம் வருஷத்தில் இங்கே சேர்ந்திருந்த உலர்ந்த செடிக் களஞ்சியத்தை லண்டனுக்குக் கொண்டுசென்று, ஐரோப்பிய நகரங்களுக்குப் பகிர்ந்தளித்தார். நம் நாட்டுச் செடியை ஆராய விரும்பும் நம் மாணாக்கர் கடல் கடந்து செல்லவேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. 1864, 1867-ஆம் வருஷங்களில் வீசிய புயல்கள் எண்ணற்ற முதுமரங்களைச் சாய்த்தன. 1871-இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் தோட்டத்தைத் திருத்தியமைத்தார். 1890-இல் இந்தியத் தாவர ஆராய்ச்சி இலாகா ஏற்பட்டது. சுதந்திரம் வந்தபின், 1963-ஆம் வருஷத்தில், தோட்டமும் அவ்விலாகாவின் பொறுப்பில் சேர்ந்தது. செடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்து நம் தேசத்துக்குப் பெருமை தேடித்தந்த ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் 2009-ஆம் வருஷத்தில் அதற்குச் சூட்டப்பட்டது. கம்பெனியின் தோட்டம் நம் தோட்டமாயிற்று.

அங்கே உள்ள பெரிய ஆலமரத்தின் கீர்த்தியை அறியாதவர் இல்லை. பேரீந்து மரம் ஒன்றின்மேல் பற்றி வளர்ந்ததாகச் சொல்லப்படும் அம்மரத்தின் அடிமரம் காளான் நோயினால் அழுக, 1925-இல் அதனை வெட்டி நீக்கினார்கள். ஆயினும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளை ஊன்றி, ஒரு சோலையாகவே அது பரந்து நின்றது. 1894-இல் நடப்பட்ட இரட்டைத் தேங்காய் மரம் இன்னொரு விசித்திரம். இந்து மகாசமுத்திரத்துச் செஷல்ஸ் தீவுகளுக்கே உரிய அம்மரத்தின் விதை உலகிலுள்ள எல்லா விதைகளிலும் பெரியது. பெண்மரம் தனித்து நின்றமையால், பல்லாண்டு கழித்து வெளிநாட்டிலிருந்து மகரந்தம் கொண்டுவந்து தூவிக் காய்க்கச் செய்தார்கள். 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் வீசிய ஆம்பன் புயல் ஆலமரத்தின் பல விழுதுகளைப் பிடுங்கியது. தோட்டத்தில் சுமார் ஆயிரம் மரங்கள் வீழ்ந்தன. கோரங்கிப் புயலில் எல்லாவற்றையும் இழந்த ராக்ஸ்பர்க் மறுபடியும் தொடங்கினார் என்பது அத்தோட்டத்தைக் காப்பவர்களுக்கு நல்ல முன்மாதிரி.

ராக்ஸ்பர்க்கை நாம் எவ்வாறு மதிப்பது? கம்பெனியின் ஊழியர் என்பதற்காக அவரைத் தள்ளிவிடுவது சரியன்று. அவர் ஒரு பெரிய அறிஞர் என்பதற்காகக் கம்பெனியின் காரியங்களை மறந்துவிடுவதும் சரியன்று. மழையைக் கணக்கிட்டார், பஞ்சத்தின் காரணத்தைத் தேடினார், குடியானவரிடத்தில் கற்றார், நாட்டுப் பெயரை மதித்தார். இவற்றுக்காக அவர் நம்முடைய நன்றிக்கு உரியவர். அவர் வரைவித்த படங்களில் பெயரின்றி மறைந்த ஓவியர்களோ அதைவிட அதிகமான கடனுக்கு உரியவர்கள். அக்கடனை அவர்களுக்கு நாம் தீர்க்கும் வழி, அவர்கள் வரைந்த செடிகள் படத்தில் மட்டும் எஞ்சிவிடாமல் காப்பதேயாகும்.

இது வெறும் பேச்சன்று. ராக்ஸ்பர்க் பெயரிட்ட அசோகமரம், பட்டைக்காக உரிக்கப்பட்டு, நம் காடுகளில் அருகிவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் அதனை அபாயத்துக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கிழக்கு மலைத்தொடரின் தம்பகமும் அத்தகைய பட்டியலில் உள்ளது. தெருவோரங்களில் அசோகம் என்று சொல்லி நாம் நடுகின்ற நெடிய மரம் பெரும்பாலும் நெட்டிலிங்கமே. உண்மையான அசோகத்தைப் பார்த்தறியாத இளைஞர்கள் அநேகர். ஒலிவ மரத்துக்கு நேர்ந்தது அசோகத்துக்கு நேர இன்னும் நெடுங்காலம் இருக்கிறதென்று சும்மா இருப்பது பேதைமை.

ஆகவே, தாவரத் தோட்டங்களுக்கு வேண்டிய பொருளையும் ஆட்களையும் சர்க்கார் குறைவின்றித் தரவேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் அவ்விடத்து மரங்களின் விதையைச் சேர்த்து நாற்றாக்கும் இடம் ஒன்றாவது ஏற்படவேண்டும். கலாசாலை மாணாக்கர் தம் ஊர்ச் செடிகளின் பெயரையும் பயனையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைக்கவேண்டும். எழுதியவர் பெயரோடு சொன்னவர் பெயரும் அதிற் காணப்படவேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்கள் மேடையில் பேசுவதோடு நில்லாமல், தத்தம் கிராமத்தில் அழியும் தறுவாயில் இருக்கும் மரம் எது என்று விசாரித்து, அதில் பத்துக் கன்றுகளையாவது நட்டு வளர்க்கவேண்டும். ஆடு கடிக்காமல் முள்வேலி இட்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால், பிறகு அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இப்பணியை இவ்வருஷத்து மழைக்காலத்திலேயே தொடங்குமாறு நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.